கச்சேரியே கேட்டிராதவர்களுக்கு முதலில் எந்தக் கீர்த்தனை? அதன் கதையை எப்படிச் சொல்வது?

#1 துலாக்கட்டம்

எல்லோருக்கும் வணக்கம். மாயவரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு மாலை முக்கால் மணி நேரம் பாட்டு கேட்கும் கூட்டம் ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். இருபது பேர் வருகிறார்கள். ஏழாம் வகுப்புப் பையன் முதல் எழுபது வயதுப் பெரியவர் வரை இருக்கிறார்கள். கர்நாடக சங்கீதத்தை உட்கார்ந்து கேட்ட பழக்கம் இவர்களில் யாருக்கும் கிடையாது. ஆனால் கேட்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அதனால்தான் வருகிறார்கள்.

முதல் கூட்டத்தில் நான் செய்தது தவறு. எனக்குப் பிடித்த கல்யாணி ராக ஆலாபனையை, பாட்டு இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவதை, இருபது நிமிடம் முழுதாக வைத்தேன். பத்தாவது நிமிடத்தில் ஆறு பேர் எழுந்து போனார்கள். அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. வாசலைக் காட்டாமல் நடு வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தது நான்தான்.

இரண்டாவது கூட்டத்தில் 'நிதி சால சுகமா' பாட்டை எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் கதையைச் சொன்னேன். சரபோஜி மன்னர் பொன்னும் பொருளும் அனுப்பி அரண்மனைக்கு அழைத்தார், தியாகராஜர் மறுத்து இந்தப் பாட்டைப் பாடினார் என்று நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. அசையாமல் கேட்டார்கள். பாட்டு முடிந்ததும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "அம்மா, இது நடந்ததா? யார் எழுதி வைத்தது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதனால் இரண்டு கேள்விகள். அடுத்து எந்தப் பாட்டுகளை வைக்கலாம்? இந்தக் கதைகளை எந்த அளவுக்கு நம்பிச் சொல்லலாம்?

#2 மார்கழிமாமி

ரொம்ப நல்ல காரியம் பண்றேள். முதல்ல கதையைச் சொல்லுங்கோ, நடந்ததா நடக்கலையான்னு அப்புறம் பார்த்துக்கலாம். நான் சங்கீதத்துக்குள்ள வந்ததே கதை வழியாத்தான். எட்டு வயசுல எங்க பாட்டி, முத்துஸ்வாமி தீட்சிதர் எட்டயபுரம் போற வழியில வறண்டு கிடந்த பூமியைப் பார்த்து அம்ருதவர்ஷிணி ராகம் பாடினார், மழை கொட்டித்துன்னு சொன்னா. அன்னிக்கு ராத்திரி மழை வருமான்னு ஜன்னல்கிட்டயே உட்கார்ந்திருந்தேன். அந்த ராகத்தை இன்னிக்குக் கேட்டாலும் மண் வாசனை வர்றது. அது போறாதா?

#3 ஓலைச்சுவடி

மாமி சொல்வதில் உள்ள அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஆசிரியரின் கேள்வி நியாயமானது. அதைத் தள்ளிவிடக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு வழி உண்டு. கதையைத் தேடுவதற்கு முன் சாகித்தியத்தை, அதாவது பாட்டின் சொற்களைப் பாருங்கள். பாட்டுக்கு உள்ளேயே கதை இருக்கிறதா, அல்லது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதா? இந்த ஒரு கேள்வியே நமக்குப் பெரிய துணை.

'நிதி சால சுகமா'வையே எடுத்துக்கொள்ளுங்கள். செல்வம் மிகுந்த சுகம் தருமா, ராமனின் சந்நிதியில் செய்யும் சேவை சுகமா, மனமே உண்மையைச் சொல் என்று பல்லவி தொடங்குகிறது. தயிர், வெண்ணெய், பால் இவை ருசியா, தாசரதியைத் தியானித்துப் பாடும் அமுதம் ருசியா என்று அனுபல்லவி. சரணத்தின் கடைசிப் பகுதியில் 'நரஸ்துதி சுகமா' என்று வருகிறது. மனிதரைப் புகழ்ந்து பாடுவது சுகமா என்ற கேள்வி அது. ஆக, செல்வத்தை முன்னிட்டு ஒரு மனிதரைப் பாடுவதா, கூடாதா என்ற போராட்டம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. இதைத் தயங்காமல் சொல்லலாம். சரபோஜி ஆள் அனுப்பினார், அண்ணன் ஜப்யேசன் கோபத்தில் ராமர் விக்கிரகத்தைக் காவிரியில் எறிந்தார் என்பவை அதைச் சுற்றிச் சீடர் வழியிலும் கதாகாலட்சேப மேடைகளிலும் வளர்ந்தவை. தியாகராஜரைப் பற்றிய ஆரம்பகாலக் குறிப்புகள் பல அவருடைய சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர், அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதர் வழியாக நமக்குக் கிடைத்தவை. இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை தஞ்சையில் இருந்தார். தியாகராஜரின் காலம் 1767 முதல் 1847 வரை. காலம் பொருந்துகிறது. ஆனால் காலம் பொருந்துவதனாலேயே ஒரு கதை நடந்ததாகிவிடாது.

"என்று சொல்வார்கள்" என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஆசிரியர் ஏற்றுக்கொள்வார்.

அம்ருதவர்ஷிணிக்கும் இதே கணக்குதான். 'ஆனந்தாம்ருதகர்ஷிணி' கிருதியில் 'சலிலம் வர்ஷய வர்ஷய வர்ஷய' என்று நேராகவே வருகிறது. நீரைப் பொழி, பொழி, பொழி. மூன்று முறை கேட்கிறார். மழை பெய்ததா என்பதை விடுங்கள், ஒரு மனிதர் மழைக்காக மன்றாடினார் என்பது பாட்டிலேயே இருக்கிறது. மாமியின் பாட்டி சொன்னதற்கு வேர் அங்கே.

#4 புதுச்செவி

நான் துலாக்கட்டம் அக்காவின் கூட்டத்துக்கு வருபவர்களைப் போன்ற ஆள். முப்பத்து நாலு வயது, கோவையில் மென்பொருள் வேலை, ஒன்றரை வருடமாகத்தான் கேட்கிறேன். அதனால் எழுந்துபோன அந்த ஆறு பேரின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்களுக்கு முதல் தடை ராகம் இல்லை, மொழி. தெலுங்கும் சம்ஸ்கிருதமும் புரியாதபோது ஒரே வரி எட்டு விதமாகத் திரும்பத் திரும்ப வருவது ஏன் என்று தெரிவதில்லை. ஓலைச்சுவடி ஐயா மேலே பொருள் சொன்னாரே, அதைப் படித்துவிட்டு இப்போது 'நிதி சால' கேட்டேன். 'சுகமா' என்ற சொல் அடிக்கடி வந்து நிற்பது முதல் முறையாகக் காதில் விழுந்தது. தமிழிலும் அது அதே சொல்தான். சந்நிதி, சேவை, ருசி, ஸ்நானம் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதானே. இத்தனை நாள் புரியாது என்று நினைத்துக்கொண்டே கேட்டதால் புரியாமல் இருந்திருக்கிறது.

இரண்டாவது, நேரம். இருபது நிமிடம் வேண்டாம். பழைய இசைத்தட்டுப் பதிவுகளை வையுங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று மூன்றரை நிமிடம்தான் இடம் என்பதால் அந்தக் காலத்து வித்வான்கள் ராகத்தின் சாரத்தை அதற்குள் அடக்கிப் பாடியிருக்கிறார்கள். வசந்தகோகிலம் பாடிய இசைத்தட்டுகள் வழியாகத்தான் நான் உள்ளே வந்தேன்.

#5 நாயனவீடு

துலாக்கட்டம் அக்காவுக்கு வணக்கம். நான் தஞ்சாவூர் ஜில்லா, எங்க வீட்டில் நாலு தலைமுறையா நாயனம், அதாவது நாதஸ்வரம்.

மொழி தடைன்னு தம்பி சொன்னதால் சொல்றேன். மொழியே இல்லாத ஒன்றிலிருந்து ஆரம்பியுங்க. மல்லாரி. சாகித்தியம் கிடையாது, வெறும் சொற்கட்டும் ஸ்வரமும்தான். கம்பீரநாட்டை ராகத்தில் வாசிப்போம். சாமி புறப்பாட்டுக்கு ஒன்று, சாமிக்குத் தளிகைச் சோறு வரும்போது ஒன்று, தேருக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று என்று தனித்தனியா உண்டு. கோயிலுக்கு நாலு தெரு தள்ளி வீட்டில் இருப்பவங்களுக்கும், காதில் விழுந்ததை வைத்தே சாமி எங்கே இருக்கார், என்ன நடக்குதுன்னு தெரியும். பின்னணிக் கதைன்னு கேக்கறீங்களே, இதுக்குப் பின்னணி அந்தத் தெருதான்.

உங்க கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற இருபது பேரும் மல்லாரியைக் கட்டாயம் கேட்டிருப்பாங்க. அது சங்கீதம்னு யாரும் அவங்களுக்குச் சொல்லலை, அவ்வளவுதான். முதல்ல மல்லாரியை வைத்து, "இதை நீங்க ஏற்கெனவே கேட்டிருக்கீங்க"ன்னு சொல்லுங்க. முகம் மாறும் பாருங்க. அப்புறம் டி.என். ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகம். அதுக்குக் கதையே வேண்டாம்.

#6 இணுவில்காற்று

நாயனவீடு அண்ணை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்கட ஊரில கோயில் திருவிழா எண்டால் இரவிரவா மேளக் கச்சேரி. சின்ன வயசில மண்ணில பாய் விரிச்சு, அம்மாவின்ர மடியில படுத்தபடி கேட்டனான். எனக்கு ராகப் பேர் ஒண்டும் தெரியாது. ஆனால் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின்ர தவிலைப் பற்றிப் பெரியாக்கள் கதைக்கேக்க குரல் மாறுறதைக் கவனிச்சிருக்கிறன். அவர் 1975இல மறைஞ்சிட்டார், நான் பிறக்க முன்னமே. பிறகு பதிவில கேட்டபோதுதான் அந்தக் குரல் மாற்றத்தின்ர காரணம் விளங்கினது.

அக்கா, ஒரு கூட்டத்தைத் தவிலுக்கு எண்டே ஒதுக்குங்கோ. பிள்ளையள் கட்டாயம் இருந்து கேப்பினம்.

#7 பக்கவாத்தியம்

மிருதங்கம் கற்றுக்கொள்ளும் மாணவன் நான். ஒரு சின்ன யோசனை. கதையோடு கூடத் தாளத்தையும் கையில் கொடுத்துவிடுங்கள். 'நிதி சால' மிச்ர சாபு தாளம். 'தகிட தகதிமி' என்று ஏழு எண்ணிக்கை. எல்லோரும் தொடையில் தட்டிக்கொண்டே கேட்கலாம். கைக்கு வேலை இருந்தால் காது ஓடாது.

ஏழாம் வகுப்புப் பையனுக்கு என்றே ஒன்று. தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்கள். மணலியில் இருந்த காலத்தில் சென்னைக் கோட்டையின் ஆங்கிலேய பாண்டு வாத்தியக் குழு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு அவர் சம்ஸ்கிருத சாகித்தியம் செய்தார் என்பார்கள். ஏறத்தாழ நாற்பது இருக்கின்றன. அதில் 'ச்யாமளே மீனாக்ஷி'யை வையுங்கள். எல்.கே.ஜி.யில் நட்சத்திரத்தைப் பார்த்துப் பாடும் ஆங்கிலப் பாட்டின் மெட்டு அது. அந்த மெட்டு பழைய பிரெஞ்சு மெட்டு. மொசார்ட் அதே மெட்டை வைத்துப் பியானோவுக்கு மாறுபாடுகள் எழுதியிருக்கிறார். வியன்னாவில் ஒருவரும், தஞ்சைத் தரணியிலிருந்து வந்த ஒருவரும், ஒரே குழந்தைப் பாட்டு. என் தங்கைக்கு இதைக் காட்டியபோது அவளாகவே அடுத்தது என்ன என்று கேட்டாள். அடுத்து 'சந்ததம் பாஹிமாம்' வைத்தேன். அது இங்கிலாந்தின் ராஜ கீத மெட்டு.

அதே கோட்டை வழியாகத்தான் தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் வயலின் கற்றார். இன்று வயலின் இல்லாமல் கச்சேரி உண்டா?

#8 மார்கழிமாமி

குழந்தே, நோட்டுஸ்வரம் அழகான யோசனை.

ஓலைச்சுவடி, நீங்க சொன்ன 'சாகித்தியத்தைப் பாரு'ங்கிறதை நேத்தெல்லாம் யோசிச்சிண்டிருந்தேன். எனக்கு உயிரான ஒரு கதை இருக்கு. கேரளத்துலேர்ந்து ஷட்கால கோவிந்த மாரார் திருவையாறு வந்தார், ஜயதேவரோட 'சந்தன சர்ச்சித'வை ஆறு காலத்துல, அதாவது ஆறு வேகத்துல பாடினார், கேட்டு உருகிப்போன தியாகராஜர் 'எந்தரோ மஹானுபாவுலு' பாடினார்னு. இது பாட்டுக்குள்ள இருக்கா, வெளியில இருக்கா?

#9 ஓலைச்சுவடி

மாமி, மாராரின் பெயரோ கேரளமோ அந்தப் பாட்டில் இல்லை. யார் யார் மகான்கள் என்று ஒரு நீண்ட வரிசைதான் இருக்கிறது. ஒருவரை மனத்தில் வைத்துப் பாடியிருக்கலாம், பலரை நினைத்தும் பாடியிருக்கலாம். இந்தக் கதையை நான் வெளிக்கதை என்றே சொல்வேன். ஆனால் ஒன்று. எங்கிருந்தோ வந்த ஒரு வித்வானைக் கேட்டு, வயதான பெரிய வித்வான் எழுந்து வணங்கினார் என்று ஒரு சமூகம் நினைவில் வைத்திருக்கிறதே, தன் இசைக்காரர்களிடம் அது எதை எதிர்பார்த்தது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

உள்கதைக்கு உதாரணம் வேண்டுமென்றால் 'கிரிபை நெலகொன்ன'. சஹானா ராகம். மலை மேல் வீற்றிருக்கும் ராமனைக் குறி தப்பாமல் கண்டேன் என்கிறார். அருகில் விசிறி வீசுகிறார்கள். தனக்கு உடல் சிலிர்க்கிறது, ஆனந்தக் கண்ணீர் வருகிறது, பேச நினைத்து நாக் குழறுகிறது. அப்போது 'பதி பூடலபை' காப்பேன் என்று ராமன் சொன்னதாகச் சரணம் முடிகிறது. பத்து நாளில் உன்னை ஏற்றுக்கொள்கிறேன் என்பதே அதற்கு மரபாகச் சொல்லப்படும் பொருள். 1847 ஜனவரி 6, புஷ்ய பகுள பஞ்சமி அன்று அவர் மறைந்தார். சரியாகப் பத்தாவது நாள் என்பதை அடியார்கள் சொல்கிறார்கள். ஆனால் தன் முடிவைப் பற்றிய ஒரு கனவை அவரே பாட்டில் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு யாருடைய சாட்சியும் தேவையில்லை. சஹானாவின் அந்தத் தளர்ந்த, இறங்கி இறங்கி வரும் நடையில் அதைக் கேளுங்கள்.

இன்னொன்று, 'வாதாபி கணபதிம்'. பல்லவ சேனாதிபதி பரஞ்சோதி வாதாபியை வென்று அங்கிருந்த பிள்ளையாரைத் திருச்செங்காட்டங்குடிக்குக் கொண்டுவந்தார், அந்தப் பிள்ளையார் மேல் பாட்டு என்று மேடைதோறும் சொல்கிறார்கள். பரஞ்சோதிதான் சிறுத்தொண்டர். அவர் வாதாபியிலிருந்து யானை, குதிரை, பொன், மணி கொண்டுவந்ததைச் சேக்கிழார் பாடுகிறார், பிள்ளையாரைச் சொல்லவில்லை. தீட்சிதரின் சாகித்தியத்திலோ 'கும்பசம்பவ முனிவரர்' பூசித்தது என்று வருகிறது. குடத்தில் பிறந்த முனிவர் அகத்தியர். வாதாபி என்ற அசுரனை உண்டு செரித்தவரும் அகத்தியர்தான். 'மூலாதார க்ஷேத்ர ஸ்திதம்' என்றும் சொல்கிறார். மூலாதாரத் தலம் திருவாரூர், தீட்சிதர் பிறந்த ஊர். ஆக பாட்டு காட்டுவது போர்க்களத்தை அல்ல, அகத்தியரையும் ஆரூரையும். நூறு முறை கேட்ட பாட்டு. அதன் சொல்லைக் கவனித்த பிறகு எனக்கு வேறு பாட்டாகிவிட்டது. ஹம்சத்வனி ராகமே அவருடைய தந்தை ராமஸ்வாமி தீட்சிதர் உருவாக்கியது. மகன் தன் ஊர்ப் பிள்ளையாரைத் தந்தையின் ராகத்தில் பாடியிருக்கிறார்.

#10 துலாக்கட்டம்

எல்லோருக்கும் எவ்வளவு நன்றி சொல்வது! ஒன்று கேட்கிறேன். புதுச்செவி தம்பி சொன்ன மொழி விஷயம் மனத்தில் இருக்கிறது. தமிழிலேயே ஆரம்பிப்பது நல்லதா?

#11 நாயனவீடு

அக்கா, உங்க ஊரிலேயே உட்கார்ந்துகிட்டு இந்தக் கேள்வியைக் கேக்கறீங்களே! மும்மூர்த்திகள்னு சொல்ற தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரிக்கு முன்னாடி சீர்காழி மூவர் இருக்காங்க. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை.

கவிராயர் தில்லையாடியில் பிறந்து சீர்காழியில் வாழ்ந்தவர். அவர் ராம நாடகக் கீர்த்தனைகளுக்குச் சட்டநாதபுரத்து வேங்கடராமய்யர், கோதண்டராமய்யர்னு ரெண்டு சீடர்கள் மெட்டமைச்சாங்க. உங்க கூட்டத்துக்கு வர்றவங்களுக்கு இது எல்லாம் டவுன் பஸ் போற ஊர்.

அதில் 'ஏன் பள்ளி கொண்டீர் ஐயா' வையுங்க. ஸ்ரீரங்கத்தில் படுத்திருக்கிற பெருமாளைப் பார்த்து, ஏன் இப்படிப் படுத்திருக்கீங்கன்னு கேக்கறார். அசதியான்னு கேட்டு, என்னென்ன அசதின்னு அடுக்கறார். மிதிலேசன் பெண்ணுடன் 'வழி நடந்த இளைப்போ', குகன் ஓடத்தில் கங்கையைக் கடந்த இளைப்போ, மாரீசனைத் துரத்தின இளைப்போ, 'ஓடிக் களைத்தோ, தேவியைத் தேடி இளைத்தோ', மரம் ஏழும் துளைத்தோ, கடலைக் கட்டியோ, இலங்கையை இடித்த வருத்தமோ. ராமாயணம் முழுக்க ஒரு கீர்த்தனையில் முடிஞ்சுபோச்சு. எழுபது வயசுப் பெரியவர் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டுவார். மோகன ராகம் வேற. எந்தக் காதுக்கும் உடனே ஒட்டும். ஸ்ரீரங்கத்தில் அரங்கேற்றின கதையையும் சொல்வாங்க, ஆனா இந்தப் பாட்டுக்கு அது எதுக்கு? கேள்வியே கதை.

#12 ஓலைச்சுவடி

நாயனவீடு சொன்னதற்கு மேல் ஒன்றே ஒன்று. மாயவரம் என்றால் கோபாலகிருஷ்ண பாரதியார். அவரைப் பற்றிய செய்திகள் உ.வே. சாமிநாதையரே எழுதி வைத்தவை, ஆளை நேரில் அறிந்தவர் எழுதியவை. மாயவரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படித்தபோது, ஐயர் இந்தப் பாரதியாரிடம் கொஞ்ச நாள் சங்கீதமும் கற்றார். சங்கீதத்தில் மனம் போனால் தமிழ்ப் படிப்பு குறையும் என்று பிள்ளை நினைத்ததால் ஐயர் அதை நிறுத்திவிட்டார்.

உங்கள் ஆசிரியருக்கு இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். பாரதியார் 'நந்தனார் சரித்திர'த்துக்குச் சிறப்புப்பாயிரம், அதாவது நூலைப் பாராட்டும் முன்னுரைப் பாட்டு கேட்டுப் பிள்ளையிடம் போனார். பாட்டில் இலக்கண வழுக்கள் இருக்கின்றன என்று பிள்ளைக்கு மனமில்லை. நாள் கடத்தினார். ஒரு நாள் பாரதியார் திண்ணையில் காத்துக்கொண்டிருக்கும்போது தனக்குத்தானே 'கனவோ நினைவோ' என்று பாடினார். உள்ளே இருந்த பிள்ளை கேட்டு உருகிவிட்டார். பாயிரம் கிடைத்தது. இலக்கணத்தில் தமிழ்நாட்டிலேயே பெரியவர், இலக்கணம் தப்பிய ஒரு பாட்டுக்கு மனம் இளகியிருக்கிறார். பிறகு காரைக்காலில் இருந்த சிசே என்ற பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவில் 1860களின் தொடக்கத்தில் அது அச்சேறியது.

பாரதியாரைப் பற்றிய ஆபோகி ராகக் கதையும் ஐயர் வழியாக வருவதுதான். பாரதியார் திருவையாற்றில் தியாகராஜரைப் பார்க்கப் போனபோது சீடர்கள் ஆபோகியில் அவருடைய கீர்த்தனை ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆபோகியில் நீர் ஏதும் செய்திருக்கிறீரா என்று தியாகராஜர் கேட்டார். மறுநாள் 'சபாபதிக்கு வேறு தெய்வம்' பாடிக் காட்டினார்.

#13 நாயனவீடு

ஐயா நந்தனாரைச் சொன்னதால் என் மனசில் இருக்கிறதையும் சொல்லிடறேன்.

அந்தப் பாட்டுகளை உருகி உருகி வாசிக்கிறோம். ஆனா அந்தக் கதையில் வருகிற வேதியர், நாற்பது வேலி நிலத்தில் வேலை முடிச்சாத்தான் சிதம்பரம் போகலாம்னு சொல்ற ஆண்டை, அவர் பெரிய புராணத்தில் கிடையாது. பாரதியார் சேர்த்தது. சேக்கிழார் திருநாளைப்போவார்னு சொல்ற நந்தனார் கோயில் முரசுக்குப் போர்க்கத் தோலும் இழுத்துக் கட்ட வாரும் கொடுத்தவர், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தவர். கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. கோயிலுக்குள் ஒலிக்கிற வாத்தியத்துக்குத் தோலும் நரம்பும் அவர் வீட்டிலிருந்து போகுது. அவர் வெளியே நிக்கிறார். 'வருகலாமோ ஐயா'ன்னு கேக்கறார்.

தவிலுக்குத் தோல் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்ச வீட்டில் பிறந்தவன் நான். 'வருகலாமோ'வை அறிமுகப்படுத்தும்போது இதைச் சொல்லாம விடாதீங்க அக்கா. பக்திப் பாட்டுன்னு மட்டும் சொல்லிட்டுப் போறது அந்த மனுசனுக்குச் செய்ற நியாயம் இல்லை.

#14 மார்கழிமாமி

நாயனவீடு, உங்க பதிவை ரெண்டு தரம் படிச்சேன். கே.வி. நாராயணஸ்வாமி பாடின 'வருகலாமோ'வை நாற்பது வருஷமா கேக்கறேன். மாஞ்சி ராகத்துல அந்த முதல் சொல்லை அவர் எடுக்கிற இடத்துல தொண்டை அடைக்கும். இந்தத் தோல், நரம்பு விஷயம் எனக்கு யாரும் சொன்னதில்லை. இனிமே அந்தப் பாட்டைக் கேக்கறச்சே மிருதங்கம் வேற மாதிரி காதுல விழும்.

இதே மாதிரி நாங்க சொல்லாம விட்ட இன்னொண்ணு, பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாத்துல தியாகராஜர் சமாதி கவனிப்பாரில்லாம கிடந்தப்போ, தன் சொத்தைப் போட்டு மண்டபம் கட்டினது அவர். தியாகராஜரோட நினைவு நாள் ஆராதனையில பெண்கள் பாடக் கூடாதுன்னு இருந்தது. அவர் பெண்களை அழைச்சிண்டு தனியா ஆராதனை நடத்தி, கடைசியில எல்லாரும் ஒண்ணா உட்காரும்படி ஆச்சு. ஆணும் பெண்ணுமா சேர்ந்து தியாகராஜரோட அஞ்சு பாட்டான பஞ்சரத்னம் பாடறதை டிவியில பார்க்கிறோமே, அது ஆதிகாலத்துலேர்ந்து இருக்கிற வழக்கம் இல்லை, 1940 வாக்குல வந்தது. 'எந்தரோ' வைக்கறச்சே மாரார் கதையோட இதையும் சொல்லுங்கோ துலாக்கட்டம். யாரோ ஒரு மகானுபாவுலுன்னா அவரும்தான்.

#15 புதுச்செவி

பொருள் தெரிந்தால் எப்படி மாறுகிறது என்பதற்கு எனக்கு நடந்த ஒன்று. 'நகுமோமு' பலமுறை கேட்டிருக்கிறேன், ஆபேரி ராகம் என்று மட்டும் தெரியும். போன வாரம் பொருள் தேடிப் படித்தேன். உன் ஆணையைக் கேட்டும் பறவை அரசன் கருடன் வேகமாகக் கிளம்பவில்லையா, ஆகாயத்துக்கும் பூமிக்கும் வெகு தூரம் என்று சொல்லிவிட்டானா என்று ராமனிடம் கேட்கிறார். வராதவருக்காக நாமே காரணம் கண்டுபிடிப்போமே, வண்டி கிடைக்கவில்லையோ, வழியில் நெரிசலோ என்று. என் அப்பா வெளிநாட்டில் இருந்த வருடங்களில் அம்மா அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வரி வந்ததும் எழுந்து அம்மாவுக்கு போன் செய்தேன்.

#16 பக்கவாத்தியம்

ஒரு சேர்க்கை. தீட்சிதரின் சீடர் ஒருவர், திருவாரூர்க் கோயிலில் சுத்தமத்தளம் என்ற தாள வாத்தியம் வாசித்த தம்பியப்பன். அவருக்குத் தீராத வயிற்றுவலி. ஜாதகத்தில் குரு சரியில்லை என்று தெரிந்து, அவர் பாடுவதற்காகவே 'ப்ருஹஸ்பதே' என்ற அடாணா ராகக் கிருதியைத் தீட்சிதர் செய்து கொடுத்தார், அதிலிருந்துதான் நவக்கிரகக் கிருதிகள் பிறந்தன என்பது சொல்வழக்கு. ஐயா முறைப்படி 'என்று சொல்வார்கள்' சேர்த்துவிட்டேன். தாளம் தட்டுபவர் ஒருவரின் வயிற்றுவலிக்காக ஒரு பெரிய வாக்கேயக்காரர் உட்கார்ந்து பாட்டுக் கட்டினார் என்ற நினைவு என்னைப் போன்றவனுக்குப் பெரிய விஷயம்.

#17 துலாக்கட்டம்

நேற்று கூட்டம் நடந்தது. வந்து சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மல்லாரியில் ஆரம்பித்தேன். இரண்டு நிமிடம் போனதும் முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி கையைக் கூப்பினார். ஏன் என்று கேட்டதற்கு, "சாமி வருதில்ல" என்றார். நாயனவீடு தம்பி, அப்போது உங்களை நினைத்துக்கொண்டேன். பிறகு 'ச்யாமளே மீனாக்ஷி'. ஏழாம் வகுப்புப் பையன் ஆங்கில வரிகளை மேலே போட்டுப் பாடிப் பார்த்துவிட்டு, அது சரியாக உட்காருகிறது என்று உறுதி செய்தான். 'ஏன் பள்ளி கொண்டீர்' பாட்டின்போது இடையில் நிறுத்தி, அடுத்து என்ன இளைப்பு வரும் என்று கேட்டேன். எல்லோரும் சொன்னார்கள். 'கடலைக் கட்டி' வரும் முன்பே ஒருவர் அணில் என்று கத்தினார். அணில் பாட்டில் இல்லை, ஆனால் நான் திருத்தவில்லை.

கடைசியாக 'வருகலாமோ'. பெரிய புராணத்தில் உள்ளது இது, பாரதியார் சேர்த்தது இது, திண்ணையில் நடந்தது இது என்று பிரித்துச் சொன்னேன். தோலும் நரம்பும் பற்றிச் சொன்னபோது யாரும் பேசவில்லை. பாட்டு முடிந்தும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்த ஆசிரியர் எழுந்து, "திருப்புன்கூரில் நந்தி விலகியிருக்கிறது, எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் நான்கு கைகள்தான் உயர்ந்தன. அடுத்த மாதம் நூலகத்தில் கூட வேண்டாம், காலையிலேயே பஸ் பிடித்து அங்கே போய், நந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நந்தி மறைக்கிறதே என்று நந்தனார் பாடும் 'வழி மறைத்திருக்குதே' கேட்கலாம் என்று அவரே முடிவு செய்துவிட்டார். எழுந்துபோன அந்த ஆறு பேரில் இருவர் இந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள், அவர்களும் வருகிறார்கள்.

நாட்டைக்குறிஞ்சி ராகத்தில் அந்தப் பாட்டை யார் பாடியது நல்ல பதிவு? கோயிலில் சத்தம் இருக்கும், சின்ன ஒலிபெருக்கிதான் என்னிடம் இருக்கிறது.

#18 நாயனவீடு

பதிவு எதுக்கு அக்கா. தேதியைச் சொல்லுங்க, நான் நாயனத்தோட வர்றேன்.

#19 இணுவில்காற்று

அண்ணை, ஆராவது போனில பிடிச்சு இஞ்ச போடுங்கோ. நாங்கள் இஞ்ச இருந்து கேக்கிறம்.